வி ஈக்வல்டு ஐ ஆர் - பூட்டுக்காரர் மகன் போட்ட கணக்கு

பிசிக்ஸ் படிச்ச எல்லாரும் ஒரு தடவையாவது அந்த முக்கோணத்தை வரைஞ்சிருப்போம். உச்சியில 'வி', கீழே ஒரு பக்கம் 'ஐ', இன்னொரு பக்கம் 'ஆர்'. எது வேணுமோ அதை விரலால மூடினா மிச்சம் இருக்கறது விடை. மின்னழுத்தம் 230 வோல்ட், மின்னோட்டம் 2 ஆம்பியர், மின்தடை எவ்வளவு? 115 ஓம். திறன்? 460 வாட். ரெண்டு மார்க், அடுத்த கேள்விக்குப் போயிடலாம்.

(ஓம்னா பிரணவம் இல்லீங்க, ஒரு மனுஷனோட பேரு. இந்த ஜோக்கை இத்தோட முடிச்சுக்குவோம்.)

வோல்ட்டா 1800-ல் முதல் பாட்டரியை உலகத்துக்குச் சொன்னார். ஓம் தன் விதியைச் சரியாகச் சொன்னது 1826-ல். நடுவுல 26 வருஷம். இந்த இடைவெளியில் டேவி, ஆம்பியர் மாதிரி பெரிய தலைகள் எல்லாம் இதே துறையில் மும்முரமாக வேலை பார்த்தார்கள். யாருக்கும் வகுத்தல் கணக்கு தெரியாமல் இல்லை. அப்புறம் ஏன் இவ்வளவு நாள் ஆச்சு? பாடப்புத்தகம் விட்டுட்டுப் போற கதை இதுதான்.

விஷயம் ரொம்ப சிம்பிள். பெருக்கறதுக்கு முன்னாடி எதை எதோட பெருக்கறதுன்னு தெரியணும். அப்போ வோல்ட் மீட்டர் கிடையாது, அம்மீட்டர் கிடையாது. 'மின்னழுத்தம்', 'மின்னோட்டம்' என்று ரெண்டு தனித்தனி சங்கதி இருக்கிறது என்கிற தெளிவே பலருக்கு இல்லை.

உடம்பே மீட்டர்

ஓமுக்கு 45 வருஷம் முன்னாடியே ஒருத்தர் கிட்டத்தட்ட இந்த விதியைத் தொட்டுவிட்டார். இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ். பெரும் பணக்காரர், யாரோடும் பேசாத கூச்ச சுபாவி. 1781-ல் அவர் செய்த சோதனையை இன்னிக்கு எந்த லேப்லயும் அனுமதிக்க மாட்டாங்க.

உப்புக் கரைசல் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை எடுத்துக்கொண்டார். லெய்டன் ஜாடியில் சேர்த்த மின்சாரத்தைக் குழாய் வழியாகவும் தன் உடம்பு வழியாகவும் பாயவிட்டார். ஷாக் அடிக்கும். முதல் குழாயில் அடிச்ச ஷாக்கும் ரெண்டாவது குழாயில் அடிச்ச ஷாக்கும் ஒரே அளவா தெரியற வரைக்கும் கரைசலின் நீளத்தை மாத்தி மாத்திப் பார்த்தார். அவருடைய கைதான் அம்மீட்டர்! இப்படி அடி வாங்கியே, மின்சாரம் பாயும் வேகம் அதைத் தள்ளும் விசைக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்தார்.

எழுதி வைத்தார், அவ்வளவுதான். வெளியிடவில்லை. அந்தக் காகிதங்களைத் தொகுத்து 1879-ல் மாக்ஸ்வெல் புத்தகமாகப் போட்டபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. அதற்குள் ஓம் இறந்து 25 வருஷம் ஆகியிருந்தது.

பூட்டுக்காரர் வீடு

ஜார்ஜ் சைமன் ஓம் பிறந்தது 1789 மார்ச் 16, ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில். அப்பா பூட்டு செய்கிற தொழிலாளி. பள்ளிக்கூடம் போய்ப் பெரிசா படிக்காதவர், ஆனா தானே கணிதமும் அறிவியலும் கத்துக்கிட்டு ரெண்டு பையன்களுக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தவர். தம்பி மார்ட்டின் பின்னால் கணிதப் பேராசிரியர் ஆனார்.

அண்ணன் விஷயம் வேற. 1805-ல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தவர் நடனம், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு என்று பொழுதைக் கழிக்க, அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தனக்குக் கிடைக்காத வாய்ப்பைப் பையன் வீணாக்குறானேன்னு எந்த அப்பாவுக்கும் வர்ற கோபம்தான். படிப்பை நிறுத்தி சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. பிறகு ஊர் திரும்பி 1811-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனா நல்ல வேலை அமையல. பாம்பெர்க்கில் ஒரு சுமாரான பள்ளியில் வாத்தியார். 1817-ல் கொலோன் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் கணிதம், இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்தது.

அந்தப் பள்ளியில் நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. பூட்டுக்காரர் மகனுக்குக் கருவி செய்யும் கைப்பழக்கமும் இருந்தது. 1820-ல் டென்மார்க்கின் எர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பி பக்கத்தில் இருக்கும் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று கண்டுபிடித்தார். ஊசி எவ்வளவு திரும்புதுன்னு பார்த்தா மின்னோட்டம் எவ்வளவுன்னு சொல்லிடலாம் இல்லையா? கேவண்டிஷ் மாதிரி ஷாக் வாங்க வேண்டியதில்லை. ஒரு பக்கக் கதவு திறந்தாச்சு.

பாட்டரி செய்த குழப்பம்

1825-ல் ஓம் தன் முதல் கட்டுரையை வெளியிட்டார். கம்பியின் நீளம் கூடக்கூட மின்னோட்டத்தின் விசை எப்படிக் குறைகிறது என்பதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். அதில் லாகரிதம் எல்லாம் இருந்தது. அந்தச் சூத்திரம் தப்பு.

காரணம் பாட்டரி. அந்தக் காலத்துத் துத்தநாகம் - செம்பு மின்கலத்தில் மின்சாரம் ஓட ஆரம்பித்ததுமே செம்புத் தகட்டின் மேல் ஹைட்ரஜன் குமிழ்கள் படியும். படியப் படிய வேகம் குறையும். ஒரு கம்பியை அளந்துட்டு அடுத்த கம்பியை மாட்டுறதுக்குள்ள பாட்டரியே வேற பாட்டரி ஆயிடும். தராசு ஆடிக்கிட்டே இருந்தா எடைக்கல்லை மாத்தி என்ன பிரயோசனம்?

இதே காலத்தில் இங்கிலாந்தில் பீட்டர் பார்லோ என்பவர், மின்னோட்டம் கம்பி நீளத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது என்றார். அதுவும் தப்பு. 200 அடி கம்பியிலேயே விளைவு நன்றாகக் குறைவதைப் பார்த்து, மின்சாரத் தந்தி நடைமுறைக்கு ஒத்துவராது என்றும் 1825-ல் முடிவு கட்டிவிட்டார். அதுதான் அன்றைய நிலைமை.

ஓமின் பிரச்சினைக்கு வழி சொன்னவர் பொகென்டார்ஃப் என்கிற பத்திரிகை ஆசிரியர். பாட்டரியை விட்டுடு, வெப்ப மின்னிரட்டையை எடுத்துக்கோ என்றார். 1821-ல் சீபெக் கண்டுபிடித்த சமாச்சாரம் அது. ரெண்டு வேறு வேறு உலோகங்களை இணைத்து, ஒரு இணைப்பைச் சூடாகவும் மற்றொன்றைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் ஓடும். விசை ரொம்பக் கம்மி, ஆனா நிலையானது.

ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் எடுத்துக்கொண்டார். ஒரு இணைப்பு கொதிக்கும் நீரில், மற்றொன்று பனிக்கட்டியில். தண்ணி கொதிக்கற வரைக்கும், ஐஸ் இருக்கற வரைக்கும் வெப்பநிலை வித்தியாசம் மாறாது, மின்னழுத்தமும் மாறாது. காந்த ஊசியை மெல்லிய தங்க இழையில் தொங்கவிட்டார். மின்னோட்டம் ஊசியைத் திருப்பும். அதை மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவர இழையை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதுதான் அளவு.

8 கம்பிகள்

ஒரே தடிமன் உள்ள 8 செம்புக் கம்பிகள். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். 1826 ஜனவரி 8-ம் தேதி அளவீடுகளில், 2 அங்குலக் கம்பிக்கு முறுக்கு 326.75. 130 அங்குலக் கம்பிக்கு 48.5.

இங்க கொஞ்சம் நிதானிக்கணும். நீளம் 65 மடங்கு கூடியிருக்கு. மின்னோட்டமும் 65-ல் ஒரு பங்காகக் குறைஞ்சிருக்கணும் இல்லையா? ஆனா 7-ல் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் குறைஞ்சிருக்கு. இந்த இடத்தில்தான் முன்னாடி கணக்கு லாகரிதம், வர்க்கமூலம் என்று வழி தவறிப் போனது.

ஓம் கண்டுபிடித்தது இது: மின்னோட்டம் = அ ÷ (ஆ + நீளம்). 'அ' என்பது தள்ளும் விசை. 'ஆ' என்பது கம்பியைத் தவிர சுற்றில் இருக்கும் மற்ற எல்லாவற்றின் தடை. அந்த ஆராய்ச்சியில் 'ஆ'வின் மதிப்பு 20.25. அதாவது பிஸ்மத்தும் இணைப்புகளும் சேர்ந்து, அதே கம்பியின் 20.25 அங்குலத்துக்குச் சமமான தடையைக் கொடுக்கின்றன. 'அ'வுக்கு 7285 போட்டு நீங்களே வகுத்துப் பாருங்க. 7285-ஐ 150.25-ஆல் வகுத்தால் 48.5. அப்படியே ஒட்டுது. 18 அங்குலக் கம்பிக்கு 38.25-ஆல் வகுத்தால் 190.5, அவர் அளந்தது 190.75.

அப்புறம் வெப்பநிலை வித்தியாசத்தைக் குறைத்துப் பார்த்தார். 'அ' குறைந்தது. 'ஆ' அசையவில்லை. அதாவது தள்ளும் விசை வேற, தடை வேற, ரெண்டும் ஒன்றை ஒன்று சார்ந்தது இல்லை. முக்கோணத்துல நாம தனித்தனி எழுத்தாப் போடறோமே, அந்த எழுத்துகள் பிரிஞ்சது இந்த இடத்துலதான்.

என்னைக் கேட்டால் ஓமின் பெரிய சாதனை அந்த 'ஆ'தான். பள்ளிக்கூடத்து முக்கோணத்தில் அது காணாமப் போயிடுச்சு. மின்சாரம் கொடுக்கிற சாதனத்துக்கும் சொந்தமா ஒரு தடை உண்டு, அதையும் கணக்கில் சேர்க்கணும். இதைப் பார்க்காததால்தான் மற்றவர்கள் கணக்கு இடித்தது.

கணக்கு போட்டதே குற்றம்

1826-ல் அரைச் சம்பளத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லின் போனார். 1827-ல் புத்தகம் வந்தது. வெப்பம் ஒரு கம்பியில் எப்படிப் பரவுகிறது என்று பிரான்சின் ஃபூரியே 1822-ல் கணிதமாக எழுதியிருந்தார். வெப்பநிலை வித்தியாசம் இருந்தால் வெப்பம் ஓடும். அதே மாதிரி மின் விசையின் வித்தியாசம் இருந்தால் மின்சாரம் ஓடும் என்று ஓம் எழுதினார்.

இந்தப் புத்தகத்தால் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும்னு நம்பினார். நடந்தது நேர்மாறு. அன்றைய ஜெர்மன் இயற்பியலில் இவ்வளவு கணிதத்துக்கு இடமில்லை. பெர்லினில் ஹெகலின் தத்துவம் கொடிகட்டிப் பறந்த காலம். அந்த வட்டத்தைச் சேர்ந்த போல் என்கிற இயற்பியலாளர் புத்தகத்தைக் கடுமையாகச் சாடி விமர்சனம் எழுதினார். ஓம் நொந்துபோய் 1828-ல் கொலோன் வேலையை ராஜினாமா செய்துவிட்டார். அப்புறம் அஞ்சு வருஷம் பெர்லினில் வாரத்துக்குச் சில மணி நேரம் பாடம் எடுத்துக் காலம் தள்ளினார். 1833-ல்தான் நியூரம்பெர்க் தொழில்நுட்பப் பள்ளியில் ஒழுங்கான வேலை.

ஆதரவே இல்லைன்னும் சொல்ல முடியாது. லைப்சிக்கில் ஃபெக்னர் 1831-ல் வரிசையாகச் சோதனை செய்து, ஓம் சொன்னது சரி என்று காட்டினார். ஆனால் மரியாதை வந்தது வெளிநாட்டிலிருந்து. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உயரிய கௌரவமான காப்ளி பதக்கத்தைக் கொடுத்தது. மூனிச் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பதவி வந்தது 1852-ல். வயசு 63. ரெண்டே வருஷம் அனுபவித்தார். 1854 ஜூலை 6-ல் காலமானார்.

தந்திக்காரர்கள் கொடுத்த தீர்ப்பு

தத்துவவாதிகள் விமர்சனம் எழுதலாம். ஆனா கம்பி இழுக்கறவனுக்குக் கணக்கு சரியா வரணும். நீளக் கம்பியில் மின்சாரத்தை அனுப்ப எத்தனை பாட்டரி, எப்படி இணைக்கணும்? பார்லோ முடியாதுன்னு சொன்னதை அமெரிக்காவில் ஜோசஃப் ஹென்றி 1831-ல் ஒரு மைலுக்கு மேல் கம்பி இழுத்து, மணி அடிக்க வைத்துக் காட்டினார். நிறைய மின்கலங்களை வரிசையாகக் கோத்தால் நீளக் கம்பியிலும் வேலை நடக்கும் என்று சோதனை மூலமே கண்டுகொண்டார். அது ஏன் என்பதற்கான விடை ஓமின் சூத்திரத்தில் அப்படியே இருக்கிறது. 1843-ல் லண்டனில் வீட்ஸ்டன் தடையை அளக்கும் முறைகளை ஓமின் விதியை வைத்தே விளக்கினார்.

கடலுக்கடியில் கேபிள் போட ஆரம்பித்ததும் ஓம் விதி காசு சம்பந்தப்பட்ட விஷயம் ஆகிவிட்டது. கேபிள் எங்கேயோ அறுந்துபோச்சு, எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒரு மைலுக்கு இவ்வளவு தடை என்று தெரிந்தால், கரையில் உட்கார்ந்து தடையை அளந்து தூரத்தைச் சொல்லிவிடலாம். ஆனா அதுக்கு எல்லாரும் ஒத்துக்கற ஒரு அலகு வேணுமே? அதற்காக 1861-ல் பிரிட்டிஷ் அசோசியேஷன் ஒரு குழு போட்டது. அதே வருஷம் லாட்டிமர் கிளார்க், சார்லஸ் பிரைட் என்ற ரெண்டு தந்திப் பொறியாளர்கள் அலகுகளுக்கு விஞ்ஞானிகள் பெயரை வைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். 1881-ல் பாரிஸ் மாநாட்டில் ஓம், வோல்ட், ஆம்பியர் சர்வதேச அலகுகள் ஆயின. 1893-ல் சிகாகோவில் ஓமை இப்படி வரையறுத்தார்கள்: பனி உருகும் வெப்பநிலையில், 106.3 செ.மீ. நீளமும் 14.4521 கிராம் எடையும் உள்ள பாதரசத் தம்பத்தின் தடை. 'ஒரு ஓம்' என்ற சொல்லை ஓம் கேட்டதே இல்லை.

திறன்: பீர்க் கம்பெனி வாரிசு

சரி, வாட் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் தயாரிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் ஜேம்ஸ் ஜூல். நீராவி எஞ்சினுக்குப் பதில் பாட்டரி மோட்டார் வைத்தால் லாபமா என்று பார்க்கக் கிளம்பியவர். (லாபம் இல்லை. நிலக்கரியை விடத் துத்தநாகம் விலை அதிகம்.) 1840-ல், இன்னும் 22 வயது முடியாத நேரம், கம்பிச் சுருளைத் தண்ணீரில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, தெர்மாமீட்டரைப் பார்த்தார். மின்னோட்டம் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. தடை ரெண்டு மடங்கானா சூடு ரெண்டு மடங்கு. அதாவது வெப்பம் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை × நேரம். இதோட ஓம் விதியைச் சேர்த்தா, திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். 'வாட்' என்ற பெயரை 1882-ல் வில்லியம் சீமன்ஸ் முன்மொழிந்தார்.

இங்க பசங்களைக் குழப்பற ஒரு கேள்வி உண்டு. ஜூல் சூத்திரப்படி தடை கூடினா சூடு கூடணும். ஆனா ஓம் விதியை அதில் போட்டு மாத்தினா, திறன் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை. இப்போ தடை கூடினா சூடு குறையுதே? எது சரி?

ரெண்டும் சரி. எது மாறாம இருக்குன்னு பார்க்கணும். வீட்டு ப்ளக்கில் 230 வோல்ட் மாறாது. 1000 வாட் ஹீட்டருக்கு 4.35 ஆம்பியர், தடை 52.9 ஓம். 100 வாட் குண்டு பல்புக்கு 0.43 ஆம்பியர், எரியும்போது தடை 529 ஓம். தடை கம்மியா இருக்கறதுதான் அதிகச் சூடு. ஆனா ஒரு 100 வாட் குண்டு பல்பையும் 40 வாட் குண்டு பல்பையும் தொடரா இணைச்சா ரெண்டுலயும் ஒரே மின்னோட்டம். அப்போ தடை அதிகமுள்ள 40 வாட் பல்புதான் பளிச்சுன்னு எரியும்! (பல்பை அணைச்சு வச்சு மல்டிமீட்டரில் அளந்துட்டு சண்டைக்கு வராதீங்க. இழை குளிர்ந்திருக்கும்போது தடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான் காட்டும்.)

இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எடிசன் ஜெயித்தார். அதே வாட்டுக்கு பல்பின் தடையை 100 மடங்கு கூட்டினால் மின்னோட்டம் பத்தில் ஒன்று ஆகும், வழியில் கம்பியில் வீணாகும் சூடு நூறில் ஒன்று ஆகும். அதனால்தான் 100 ஓமுக்கு மேல் தடையுள்ள மெல்லிய கரி இழையைத் தேடினார். 1882 செப்டம்பர் 4-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் 110 வோல்ட் மின்நிலையம் ஓட ஆரம்பித்தது.

ஆனா 110 வோல்ட்டில் ரொம்ப தூரம் போக முடியாது. 0.1 ஓம் கம்பி வழியா 1,00,000 வாட் அனுப்பணும்னு வைங்க. 110 வோல்ட்டில் 909 ஆம்பியர் வேணும். கம்பியிலேயே 82,600 வாட் சூடாப் போயிடும். 11,000 வோல்ட்டில் அனுப்பினா 9.09 ஆம்பியர்தான். இழப்பு 8 வாட் சொச்சம். நம்ம தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு 11,000 வோல்ட்டில் கரண்ட் வர்றதுக்குக் காரணம் ஓமும் ஜூலும்தான்.

2019 மே 20 முதல் ஓம் அலகுக்குப் பாதரசமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். பிளாங்க் மாறிலி, எலக்ட்ரான் மின்னூட்டம் இரண்டிலிருந்தே வந்துவிடுகிறது.

கடைசியா, தொலைந்துபோன அந்த 'ஆ'வைப் பார்க்கணுமா? டார்ச்சில் தீர்ந்துபோன செல்லை எடுத்து மல்டிமீட்டரில் அளங்க. 1.4 வோல்ட் கிட்ட காட்டும். நல்லாத்தானே இருக்குன்னு டார்ச்சுல போட்டா பல்பு முழிக்கும். மீட்டர் இழுக்கற மின்னோட்டம் துளியூண்டு, அதனால் செல்லின் உள்தடை வெளியே தெரியாது. பல்பு இழுக்கும்போது வோல்ட் முழுக்க உள்ளேயே கரைஞ்சு போகும். பிஸ்மத்தும் ஐஸ்கட்டியும் வச்சு கொலோன் வாத்தியார் 20.25-ன்னு எழுதினது இந்தத் தடையைத்தான்.

இதையெல்லாம் ஆரம்பிச்சு வச்ச வோல்ட்டா - கால்வானி தவளைக்கால் சண்டை தனிக்கதை. அது இன்னொரு பதிவில்.